தேயிலைப் பெட்டிக்குள் நாற்பது மிளகாய்க் கன்று

முதலில் மானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், அறுபதைத் தாண்டிய ஒருத்தி ஏன் வீட்டுக்குள் பெட்டி செய்து லைட் போட்டு மிளகாய் வளர்க்கிறாள் என்று என் வயதுக்காரர்களான நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். திருகோணமலைக்கு வருகிறவர்கள் மானைக் கண்டால் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அந்த மான்கள் கோட்டைப் பக்கம் நின்றவரைக்கும் எனக்கும் அவற்றோடு ஒரு சண்டையும் இல்லை. இப்போது அவை கடைத்தெருவில் நின்று வாழைப்பழத் தோல் தின்கின்றன. பிறகு என் வளவுக்குள் வந்து கத்தரி, மிளகாய், வல்லாரை என்று ஒழுங்காகப் பந்தியில் இருந்து சாப்பிடுவதுபோல் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. வேலியை உயர்த்தினேன், பாய்ந்தன. வலை போட்டேன், வலையைத் தள்ளிக்கொண்டு வந்தன. ஒரு தடியை எடுத்தால் போதும், முன்வீட்டுக்காரர் ஓடி வந்து பாவம் வாயில்லாச் சீவன் என்கிறார். வாய் இல்லாமலா என் தோட்டத்தைத் தின்றது?

இதைக் கனடாவில் இருக்கும் மகனிடம் சொல்லியிருக்கக்கூடாது. அவன் உடனே வீட்டுக்குள் வளர்க்கச் சொன்னான். அன்றிலிருந்து ஒரு கிழமையாக வீடியோ, வீடியோ, வீடியோ. பெட்டி எந்த அளவு, உள்ளே என்ன ஒட்டவேண்டும், லைட் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், எத்தனை மணிக்கு அணையவேண்டும். நான் பழைய மர அலுமாரியின் கீழ்த்தட்டை எடுத்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டினேன். மேலே இரண்டு நீட்டு லைட். இருபது யோகட் கோப்பைகளில் இருபது கன்று. அவையும் முளைத்து, இரண்டாகவும் நாலாகவும் இலை விட்டு, எனக்கே கொஞ்சம் பெருமை வந்த நேரத்தில் ஒன்பது கன்று விழுந்துவிட்டது. அடித்தண்டு நூல்போல மெலிந்து, கறுத்து, அப்படியே மண்ணில் சாய்ந்து கிடந்தது.

படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க கனக்கத் தண்ணி ஊத்திறீங்க. வேர் அழுகிப் போச்சு” என்றான். இலை வாடியிருந்ததால்தானே ஊற்றினேன் என்றேன். தண்ணீர் கூடினாலும் இலை வாடும், வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினால் செத்துப்போகும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த ஒன்பது கன்றையும் பிடுங்குவதற்காகக் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். இந்தச் சாய்வை நான் முன்னம் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒன்பது அல்ல, நாற்பது.

அப்போது எனக்குப் பத்து வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், தொழிலாளர் குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் கிரேன்களுக்குக் கரண்ட் வேலை பார்த்தவர். வீட்டில் அம்மா, அப்பாவின் தமக்கையான மாமி, அக்கா, நான். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவள் விஞ்ஞானம் படித்துச் சோதனை பாஸ் பண்ணியிருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. எங்கிருந்தோ ஒரு விவசாயப் பாடசாலையின் விண்ணப்பப் படிவம் எடுத்து வந்தாள். இரண்டு வருடப் படிப்பு, விடுதியில் தங்கவேண்டும், தகப்பனின் கையெழுத்து வேண்டும். தை மாதம் முடிவதற்குள் அனுப்பவேண்டும்.

அப்பா அந்தப் படிவத்தை வாசிக்கவே இல்லை. சேற்றுக்குள் நிற்பதற்கும் ஒரு படிப்பா என்று கேட்டார். அக்கா விடவில்லை. நாலு நாள் தேத்தண்ணி கொடுக்கும்போதெல்லாம் படிவத்தையும் சேர்த்து வைத்தாள். அது கார்த்திகை மாதம், மழை விட்டபாடில்லை. காய்ந்த செத்தல் மிளகாய் வெளிநாட்டிலிருந்து வராமல் போன காலம் அது. அம்மா கறிக்கு மூன்று போடலாமா நாலு போடலாமா என்று யோசித்துப் போட்ட காலம். மிளகாய்ச் செய்கை பண்ணியவர்களெல்லாம் ராசாக்கள்போல் திரிந்தார்கள். ஆனால் அந்த மாரியில் அவர்களுக்கும் நாற்று நிற்கவில்லை. அப்பாவோடு வேலை செய்த தம்பலகாமத்துக்காரர் ஒருவர், மூன்று தரம் நாற்றுமேடை போட்டு மூன்று தரமும் வெள்ளத்தில் போனதை எங்கள் வீட்டில் இருந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டும் முன்னமே அப்பாவுக்கு அந்த யோசனை வந்துவிட்டது.

“நீ பெரிய விவசாயக்காரி எல்லோ. இந்த மாரிக்குள்ள நாப்பது மிளகாய்க் கண்டு வளர்த்துக் காட்டு. பொங்கல் அண்டு நாப்பதும் உயிரோட நிண்டா நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார்.

நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். ஒருவரும் மழைக்குள் மிளகாய் நாற்று நிறுத்தமுடியாத வருடத்தில், ஒரு சாண் மண்ணும் இல்லாத குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு நாற்பது கன்று! அக்கா ஓம் என்றாள். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது அதுதான், முப்பது என்றாவது பேசிப் பார்த்திருக்கலாம்.

மழைக்குள் வளராது என்றால் வீட்டுக்குள் வளர்க்கலாம் என்பது அவள் யோசனை. வீட்டுக்குள் வெயில் இல்லை என்றால் லைட் போடலாம். இலைக்கு வேண்டியது வெளிச்சம்தான், அது சூரியனிலிருந்து வந்தால் என்ன, சுவிட்சிலிருந்து வந்தால் என்ன என்று எனக்கு விளக்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவளோடு கடைத்தெருவுக்குப் போகலாம் என்பது விளங்கியது.

அந்தக் காலத்தில் எங்கள் துறைமுகத்தால் தேயிலை போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மெல்லிய பலகைப் பெட்டி, மூலைகளில் தகரப் பட்டி, உள்ளே முழுவதும் பளபளவென்று ஈயத்தாள். உடைந்த பெட்டிகள் ஊருக்குள் வந்துவிடும். சட்டை வைக்க, கோழி அடைக்க, புத்தகம் வைக்க என்று அது இல்லாத வீடு இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் தேயிலை விற்ற கிண்ணியா முஸ்லிம் கடைக்காரரிடம், ஊரெல்லாம் காக்கா என்று கூப்பிட்டவரிடம், நல்ல பெட்டி ஒன்று இருந்தது. எதற்கு என்று கேட்டார். அக்கா கால்மணி நேரம் விளக்கம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெட்டிக்குள்ள வெயில் காட்டப் போறியா புள்ள? சரி, கொண்டு போ. காய்ச்சா எனக்கும் ரெண்டு தா” என்று கயிறும் சேர்த்துக் கொடுத்தார். எங்கள் திட்டத்தைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே பெரிய மனிதர் அவர்தான், அதுவும் எங்கள் வீட்டுக்காரர் இல்லை. தூறலுக்குள் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தோம். தகரப் பட்டி என் உள்ளங்கையைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பெட்டியைப் படுக்கப் போட்டு, வாயை முன்பக்கம் பார்க்க வைத்து, மேலே டியூப் லைட் மாட்டவேண்டும். அக்கா பழைய டியூப் ஒன்றும் வயரும் தேடிப் பிடித்துவிட்டாள். அவள் வயரைப் பல்லால் கடித்து உரிக்கிறதை அப்பா கண்டார். வீட்டைக் கொளுத்தப் போகிறாயா என்று பிடுங்கிக்கொண்டு போனவர், இரண்டு பின்னேரம் அதோடுதான் இருந்தார். டியூப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டை வெட்டி அதன் முனைகளை வெளியே விட்டார். சூடாகும் என்று டியூப்பின் சோக்கைப் பெட்டிக்கு வெளியே பூட்டினார். சுவிட்சைக் கொண்டுவந்து தன் கதிரைக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தார். இவ்வளவையும் ஒரு வார்த்தை பேசாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு செய்தார். தோற்கவேண்டும் என்று நினைக்கிற பந்தயத்துக்கு இவ்வளவு நேர்த்தியாக வயர் இழுப்பார்களா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல்முறை லைட் போட்டபோது டியூப் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஈயத்தாள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் எறிய, முன்னறையில் இருந்த எங்கள் ஐந்து பேரின் முகமும் வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பலகை சூடேறித் தேயிலை வாசம் வந்தது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த வாசத்தை நான் பிறகு எங்கும் மணக்கவில்லை.

மண்ணுக்கு அடுத்த சண்டை. செம்மண், குறுமணல், காய்ந்த மாட்டெரு. அதை அம்மாவின் மா அரிக்கும் அரிதட்டால் அரித்துவிட்டாள் அக்கா. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பேசாமலே செத்தல் மிளகாய்ப் போத்தலைத் திறந்து, நல்ல நீளமான மிளகாயாகப் பார்த்து விதைக்குக் கொடுத்தாள். இருபது தேங்காய்ச் சிரட்டை, ஒவ்வொன்றுக்கும் அடியில் கம்பியைக் காய்ச்சித் துளை. ஒரு சிரட்டையில் மூன்று விதை போட்டு, முளைத்தபின் நல்லதாக இரண்டை விடுவது. மொத்தம் நாற்பது. மார்கழி பிறந்தவுடன் போட்டாள், எட்டாம் நாள் மண் வெடித்து முளை வந்தது.

தண்ணீருக்கு அவள் வைத்திருந்த அளவு இருமல் மருந்துக் குப்பியின் மூடி. சிரட்டைக்கு ஒரு மூடி, காலையில் மட்டும். அதற்கும் முதல் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். விரலில் மண் ஒட்டினால் அன்றைக்கு அதுவும் இல்லை. இதை எங்கள் எல்லோருக்கும் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அன்பு என்றால் ஊற்றுவதுதான். சோற்றுக்கு மேல் குழம்பு ஊற்றுவது, போதும் என்று கையை மறித்தால் கைக்கு மேலாக ஊற்றுவது. ஒரு மூடித் தண்ணீரில் ஒரு உயிர் நிற்கும் என்றால் யார் நம்புவது?

என் வேலை லைட். காலையில் துறைமுகச் சங்கு ஊதியதும் போடவேண்டும், இருட்டியதும் அணைக்கவேண்டும். பக்கத்து வீடுகளிலிருந்து பார்க்க வந்தார்கள். லைட் போட்டுப் பயிர் வளர்க்கிற வீடு என்று எங்களுக்குப் பெயராகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு ஆலோசனை இருந்தது. ஒருவர் சாம்பல் போடச் சொன்னார். இன்னொருவர் லைட்டின் நிறத்தை மாற்றச் சொன்னார். மாமி ஒருவரையும் கேட்காமல் பெட்டியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அப்பா பின்னேரம் வேலையால் வந்து, சோக் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கிற சாட்டில் குனிந்து கன்றுகளை எண்ணுவார். உதடு அசைவதை வைத்தே எனக்குத் தெரியும். நாற்பதில் நிற்கும்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. நாற்பதும் நாலிலை விட்டு நின்றன. படிவத்தை அக்கா நிரப்பி, கையெழுத்து இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தாள். அன்றைக்குக் காலையில் அவளுக்குத் துடக்கு வந்தது.

மாதத்தில் வருகிற அந்த மூன்று நாளைத்தான் சொல்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதையும் விளக்கவேண்டும். துடக்கோடு சாமியறைக்குப் போகக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, மிளகாய்ப் பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது, வைத்தால் பயிர் பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். மிளகாய்ப் பாத்தி எங்கள் வீட்டில் முன்னறையில் இருந்தது. ஆகவே முன்னறையும் அவளுக்கு இல்லை. மாமி பின்விறாந்தையில் பாயைப் போட்டாள்.

அக்கா ஒருமுறைதான் எதிர்த்துக் கதைத்தாள். “நான் பாக்காட்டி ஆர் மாமி பாக்கிறது?”

“நாங்கள் நாலு பேர் இருக்கிறம்” என்றாள் மாமி.

அதுதான் பிரச்சினை என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முதல் நாள் அக்கா விறாந்தையில் இருந்தபடியே எனக்குச் சொல்லித் தந்தாள். விரலை விட்டுப் பார். ஒட்டுதா? ஒட்டாட்டி ஒரு மூடி. நான் அப்படியே செய்தேன். மத்தியானம் பார்த்தபோது இலைகள் கொஞ்சம் தொங்கியிருந்தன. லைட்டின் சூடோ, வேறு என்னவோ. எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவிடம் சொன்னால் அவள் எழுந்து வந்து தொட்டுவிடுவாள், தொட்டால் பயிர் பட்டுப்போகும், கையெழுத்து இல்லை. சொல்லாமல் இருந்தால் பயிர் வாடிப்போகும், அப்போதும் கையெழுத்து இல்லை. பத்து வயது மூளைக்கு எட்டிய ஒரே வழி இன்னும் தண்ணீர் ஊற்றுவது. தேத்தண்ணிக் கோப்பையால் மொண்டு ஒவ்வொரு சிரட்டைக்கும் ஊற்றினேன். பிறகு யாரும் காணாமல் நிலத்தைத் துடைத்தேன். அடுத்த நாள் இன்னும் தொங்கின. இரண்டு கோப்பை ஊற்றினேன். அக்கா பின்னாலிருந்து எப்படி நிற்குது என்று கேட்டாள். வடிவாக நிற்குது என்று சொன்னேன்.

நாலாம் நாள் விடிய அக்கா தலை முழுகி, ஈரத் தலையோடு வந்து இரவில் பெட்டி வாயில் தொங்கவிடும் பழைய சேலைத் திரையை விலக்கினாள். நாற்பதும் விழுந்து கிடந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி, அடித்தண்டு மெலிந்து, தலையை மண்ணில் வைத்து.

அக்கா அழவில்லை. ஒரு சிரட்டைக்குள் விரலை விட்டாள். விரலை எடுத்து மணந்து பார்த்தாள். அடுத்த சிரட்டையைக் கிளறினாள். பிறகு திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

“துடக்கோட தொட்டிருக்கிறாய்” என்றாள் மாமி.

“நான் தொடேல்ல” என்றாள் அக்கா. அந்த ஒரு தரம்தான் சொன்னாள்.

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா கதிரையிலிருந்து எழும்பி, பெட்டியைக் குனிந்து பார்த்தார், சோக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. சுவிட்சை அணைத்தார். பொங்கலுக்கு நாற்பது என்று பேசியது நாற்பதுதான் என்று சொல்லிவிட்டுச் சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். படிவம் அலுமாரிக்குள் அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே கன வருடம் கிடந்தது. கறையான் அரித்தபோது நான்தான் எடுத்து எறிந்தேன்.

நான் செய்ததிலேயே வெட்கமானதை இப்போது சொல்கிறேன். மாமி அப்படிச் சொன்னவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா தொட்டுத்தான் செத்தது, அப்போ என்னால் இல்லை. அன்றைக்கு அப்படி நம்பத் தொடங்கியதை ஐம்பது வருடமாக நம்பினேன். விஞ்ஞானம் படித்தேன், கந்தோரில் வேலை பார்த்தேன், இந்தத் துடக்குக் கதைகளைக் கேட்டு மேடையேறிப் பேசும்போதுகூடச் சிரித்தேன். ஆனால் அந்த நாற்பது கன்றுக்கு மட்டும் அந்தச் சட்டத்தை விட்டுவைத்திருந்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

பெட்டி கோழி முட்டையிடுகிற பெட்டியானது. உள்ளேயிருந்த ஈயத்தாளை உரித்து, அடுத்த நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகள் தங்கள் பாலன் குடிலில் ஆறு ஓடவிட்டார்கள். டியூப் லைட்டை அப்பா குசினியில் மாட்டினார். அந்த வெளிச்சத்தில் நாங்கள் இருபது வருடம் சாப்பிட்டோம்.

அக்காவை அடுத்த வருடமே கட்டைபறிச்சானில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் அங்கே வளவு நிறைய மரக்கறி வைத்தாள். சண்டைக்குப் பயந்து ஓடி அகதி முகாமில் இருந்தபோதும் பால்மா டின்களில் மிளகாய் வைத்தாள். அதை நான் போய்ப் பார்த்தபோது, கூடாரத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு டின், ஒன்றுகூட வாடவில்லை. அப்பா சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம் முழுவதும் கொட்டியாரக் குடாவைத் தாண்டி லோஞ்சில் வந்து பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். எனக்கு அப்போது கைக்குழந்தை. ஒரு நாளும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

அம்மா ஒருமுறை சொன்னாள். நான் முதல் பிள்ளைப்பேற்றுக்காக அம்மாவிடம் போயிருந்தபோது, எதையோ கதைத்துக்கொண்டு வந்தவள், பாவம் அக்கா, நானும் கன்றுகளுக்கு அரிசி கழுவின தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், துடக்குப் பட்டதைக் காப்பாற்ற முடியுமா என்று பெருமூச்சு விட்டாள். மாமி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் கோயிலிலிருந்து தீர்த்தச் செம்போடு வந்தவள் நேரே பெட்டியடிக்குப் போனதை நான் கண்ணால் கண்டேன். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் ஊற்றியது எனக்குத் தெரியும், அம்மா ஊற்றியது தெரியும், மாமி ஊற்றியது தெரியும். மூன்று பேரும் தான் மட்டும்தான் ஊற்றுகிறேன் என்று நினைத்து ஊற்றியிருக்கிறோம். வாட வாட ஊற்றியிருக்கிறோம். அதைக் கூட்டிச் சொல்லக் கனடாவிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது. அக்கா தொட்டிருந்தால் அவை நின்றிருக்கும். அவளும் எங்கள் பேச்சைக் கேட்டுத் தொடாமல் இருந்துவிட்டாள்.

என் ஒன்பது கன்றும் விழுந்த அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவளுக்கு எழுபது நடக்கிறது, காது கொஞ்சம் மந்தம். பின்னால் கோழிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சுகம் விசாரிக்காமல் நேரே தொடங்கினேன்.

“அக்கா, அந்த மிளகாய்க் கண்டுக்கு நான் தண்ணி ஊத்தினனான். நீங்க சொன்ன மூடியால இல்ல, கோப்பையால.”

எந்த மிளகாய்க் கன்று என்று அவள் கேட்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“அம்மாவும் ஊத்தினவ. மாமியும்.”

“தெரியும். விரலில அரிசித் தண்ணி மணந்தது. மற்றச் சிரட்டைக்குள்ள துளசி இலை கிடந்தது.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. தெரிந்துகொண்டா வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள், அவர்கள் பழியைப் போட்டபோது சொல்லவேண்டியதுதானே, சொல்லியிருந்தால் போயிருப்பீர்களே, படித்திருப்பீர்களே என்று கத்தினேன். எழுபது வயதுக்காரியோடு கத்துகிறேன் என்ற நினைவும் இல்லை. அவள் நான் ஓயும்வரை இருந்தாள். பிறகு, உனக்கு அப்போது பத்து வயது, மாமியின் அடி உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை அவள் கண்டிருக்கிறாள்.

அப்படியென்றால் அப்பாவிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் கரண்ட் வேலை செய்தவர், துடக்கில் லைட் எரியாமல் போகாது என்று அவருக்குத் தெரியும், சொன்னால் விளங்கியிருக்கும் என்றேன்.

கோழிகளை யாரோ துரத்துகிற சத்தம் கேட்டது.

“அப்பாவும் ஊத்தினவர்” என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று நாளும் விடியவே, எங்கள் எல்லோருக்கும் முதல் எழும்பி, சத்தம் போடாமல் ஊற்றினாராம். பொங்கலுக்கு நாற்பதும் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். கையெழுத்துப் போடுவது என்று நத்தாருக்கு முன்னமே முடிவெடுத்துவிட்டாராம். பிறகு எல்லாம் விழுந்து கிடந்ததும், தான் ஊற்றியதுதான் காரணமோ என்று அவருக்குச் சந்தேகமாம். கையெழுத்தை வைத்தால் ஏன் வைத்தாய் என்று மாமி கேட்பாள், தான் ஊற்றியதைச் சொல்லவேண்டி வரும். அதனால் நாற்பது என்றால் நாற்பதுதான் என்று சொல்லிவிட்டாராம். மகளை மாமி பழி சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இருபது வருடம் கழித்து, எழும்ப முடியாமல் கிடக்கும்போது இதைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. நாலு பேர். மாமி சொன்ன கணக்குச் சரியாக நாலு பேர். என் கையில் அலுமாரிக் கன்றுகளுக்குக் கொண்டு வந்த தண்ணீர்க் கோப்பை இருந்தது, அதை நிலத்தில் வைத்தேன்.

“அதுக்கு நீங்க என்ன சொன்னனீங்க?” என்று கேட்டேன்.

“நான் ஒண்டும் சொல்லேல்ல. தண்ணி கேட்டவர். டொக்டர் கனக்கக் குடுக்க வேண்டாம் எண்டவர். மருந்துப் போத்தில் மூடியால அளந்து குடுத்தனான்.”